இந்தக் கிழமை என்னுடைய முறை இல்லை

டென்மார்க்கில் பிள்ளையை ஒரு விளையாட்டுக் கழகத்தில் சேர்த்துவிட்டால், அணி முழுவதின் ஊத்தை உடுப்பும் ஒரு நாள் உங்கள் வீடு தேடி வரும். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் நம்ப மாட்டீர்கள். ஒரு பெரிய நீலப் பை. அதற்குள் பன்னிரண்டு பிள்ளைகளின் சேறு பிடித்த சட்டை, காற்சட்டை, காலில் போடும் மேசு. இங்கே பெற்றோர் முறை வைத்துத் தோய்ப்பார்கள். ஒரு கிழமைக்கு ஒரு வீடு. என் மகள் அன்ரியா சில்க்போர்க்கில் பெண்பிள்ளைகளின் றக்பி அணியில் சேர்ந்த மாதமே அந்தப் பை எங்கள் வாசலுக்கு வந்தது. என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, "ஊர்ப் பிள்ளையளின்ர உடுப்புத் தோய்க்கவோ நாங்கள் இஞ்ச வந்தனாங்கள்?" என்று துள்ளினார். "மற்றப் பிள்ளையின்ர தாய், பல்லு டொக்டர், அவவும் தோய்க்கிறா. பேசாமல் இருங்கோ" என்று நான் பையை உள்ளே இழுத்தேன்.

அவர் துள்ளியதன் காரணம் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். மன்னாரில் எங்கள் வீட்டுப் பின்வாசலால் ஒரு பெண் வந்து ஊத்தை உடுப்பு மூட்டையை எடுத்துப் போவார். அவர் என் அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர். அம்மா அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். ஏழு வயதுச் சின்னப்பெண்ணான நானும் அவரை "வா, போ" என்றுதான் சொல்வேன். ஒருவரும் என்னைத் திருத்தவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த நான் இங்கே இருபத்தாறு வருடங்களாக ஒரு பெரிய சலவை ஆலையில் வேலை செய்கிறேன். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பும் முதியோர் இல்லங்களின் துவாயும் தோய்த்து மடிப்பது எங்கள் வேலை. ஆனால் ஊரில் என் தங்கைக்கு நான் சொல்லியிருப்பது, "ஆஸ்பத்திரியில வேலை." விரிப்பு ஆஸ்பத்திரியினுடையதுதானே, பாதி உண்மைதானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். தங்கை அதை இன்னும் கொஞ்சம் உயர்த்தி ஊருக்குள் என்னைத் தாதி ஆக்கிவிட்டாள்.

அதனால்தான் அந்த நீலப் பை எனக்கு முதலில் பிடித்திருந்தது. பல் டொக்டரும் லொறி ஓட்டுபவரும் நானும் ஒரே பையை மாறி மாறித் தூக்குகிறோம், எவருக்கும் அதனால் ஒரு குறையும் இல்லை. நல்ல நாடு என்று நினைத்தேன். பிழையை நானே செய்தேன். அயல்வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்காத சாதி நாங்கள். தோய்த்ததோடு விடாமல் பன்னிரண்டு சட்டையையும் இஸ்திரி போட்டு, இலக்க வரிசைப்படி மடித்து, வாசனைத் தண்ணீரும் தெளித்துக் கொடுத்தேன். இங்குள்ளவர்கள் உலர்த்தியில் இருந்து எடுத்ததை அப்படியே பைக்குள் திணித்துக் கொடுப்பார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கழகத் தலைவர் ஹென்னிங், நல்ல உயரமான மனிதர், சட்டையைக் கையில் எடுத்து வியந்தார். எங்கே வேலை என்று கேட்டார். சொன்னேன். "ஆ! அதுதானே!" என்றார். அடுத்த கிழமை யாரோ விடுமுறையில் போகிறார்கள் என்று பை மறுபடியும் என்னிடம் வந்தது. அதற்கடுத்த கிழமை யாருக்கோ காய்ச்சல். இலையுதிர் காலம் வந்தபோது முறைப் பட்டியலே இல்லை. பை மட்டும் இருந்தது. ஒவ்வொரு முறையும் நானும் சிரித்துக்கொண்டு "யா, யா" என்றேன். கேட்டால் ஓம் என்று சொல்லும் இந்த வியாதி எங்கள் ஆட்களை விட்டு எப்போது போகுமோ தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் லித்தியா எங்கள் ஆலைக்கு வேலைக்கு வந்தாள். பிஜித் தீவுக்காரி, முப்பத்தைந்து வயது, இடது புருவத்தைப் பிளந்து ஒரு தழும்பு. ஈர விரிப்பின் ஒரு மூலையை அவளும் மறு மூலையை நானும் பிடித்து, சூடான உருளைக்குள் விடுவோம். நாள் முழுக்க அதுதான் வேலை, ஆகவே நாள் முழுக்கக் கதையும்தான். அவளுடையதும் உடைந்த டேனிஷ், என்னுடையதும் உடைந்த டேனிஷ். உடைந்ததும் உடைந்ததும் நன்றாகப் பொருந்தின. ஒரு நாள் மற்றொரு தொழிலாளி தூரத்தில் இருந்து துவாய்க் கட்டு ஒன்றை எறிந்தான். அவள் என்னோடு பேசிக்கொண்டே, திரும்பிப் பாராமல், ஒற்றைக் கையால் அதைப் பிடித்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். "நீ என்ன விளையாடினாய்?" என்று கேட்டேன். "றக்பி" என்றாள். "என் மகளும்தான். பள்ளிக்கூடத்திலோ?" என்றேன். "இல்லை, நாட்டுக்காக. பதினொரு வருடம்" என்றாள். விரிப்பு என் கையில் இருந்து நழுவி உருளைக்குள் கோணலாகப் போனது.

கடல் வற்றும் நேரத்தில் மணலில், பழந்துணி அடைத்த பிளாஸ்டிக் போத்தலைப் பந்தாக வைத்து அவள் தொடங்கியிருக்கிறாள். பெண்பிள்ளை ஓடித் திரிந்தால் மரவள்ளி யார் பிடுங்குவது என்று மாமன் அடித்திருக்கிறார். பிறகு பட்டணத்து ஹொட்டேல் ஒன்றில் அறை துப்புரவு செய்யும் வேலை. விடிய முன் பயிற்சி, விடிந்தபின் விரிப்பு மடித்தல். ஆண்கள் போட்டுக் கழித்த சப்பாத்து இரண்டு அளவு பெரிதென்பதால், இரண்டு சோடி மேசுக்கு மேல் அதை மாட்டி ஓடியிருக்கிறாள். பத்தொன்பது வயதில் நாட்டு அணிக்குத் தெரிவானாள். ஏழாம் இலக்கச் சட்டை. பந்தோடு ஓடி வருபவரிடம் எல்லோருக்கும் முதல் போய்ச் சேர்ந்து அவரை நிலத்தில் விழுத்துவதுதான் அந்த இலக்கத்தின் வேலை என்று விளக்கினாள். ஒரு முறை வெளிநாட்டில் கிண்ணம் வென்று திரும்பியபோது, விமான நிலையத்தில் அவர்களை ஏற்ற ஒரு வாகனமும் வரவில்லை. கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு சாதாரண பஸ்ஸில் போனார்களாம். இரண்டு கிழமை கழித்து ஆண்கள் அணி திரும்பியபோது மாலையும் மேளமும். இதை அவள் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னாள். முழங்கால் இரண்டும் போனபின், அங்கே வேலைக்கு வந்திருந்த ஒரு டேனிஷ்காரரைக் கட்டி இங்கே வந்துவிட்டாள்.

எங்கள் கழகத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர் இல்லை. ஹென்னிங் தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதைபந்தாட்டக்காரர், றக்பியை வீடியோவில் படித்தவர். ஆள் கிடைக்காவிட்டால் வரும் பருவத்தோடு அந்த அணியை மூடிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். தேடிய மூலிகை என் உருளைக்குப் பக்கத்திலேயே நிற்கிறதே என்று நான் லித்தியாவைக் கூட்டிப்போனேன். "பிஜி!" என்று ஹென்னிங் கைகளை விரித்தார். பிறகு பத்து நிமிடம் பிஜியின் ஆண்கள் அணியைப் பற்றி, ஒவ்வொரு வீரனின் பெயராகச் சொல்லி, அவளுக்கே வகுப்பு எடுத்தார். அவள் என்ன விளையாடினாள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் இடையில் புகுந்து சொன்னேன். "அருமை, அருமை, எங்களுக்கு நல்ல கைகள் தேவை" என்றார். "நீங்களும் சலவை ஆலைதானா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு நீலப் பையைத் தூக்கி அவளிடம் கொடுத்தார்.

அவள் வாங்கினாள். காரில் வரும்போது ஏன் வாங்கினாய் என்று ஏசினேன். "எங்கள் இடத்தில் அணிக்குப் புதிதாக வருபவள் முதலில் பை தூக்குவாள். தூக்கினால்தான் பிறகு களத்துக்குள் விடுவார்கள்" என்றாள். அது அவளுடைய பிழை. இந்த நாட்டில் பை தூக்குபவருக்குப் பை தூக்கப் பிடிக்கும் என்றுதான் நினைப்பார்கள். நான்கு மாதம் அவள் தண்ணீர்ப் போத்தல் நிரப்பினாள், பந்து பொறுக்கினாள், மாறி மாறி நாங்கள் இருவரும் தோய்த்தோம். எல்லைக் கோட்டில் நின்று ஒரு நாள் அன்ரியாவைப் பார்த்து, "தலை மற்றப் பக்கம்! தலையைப் பின்னால் வை!" என்று கத்தினாள். ஹென்னிங் சிரித்த முகத்தோடு வந்து, இங்கே நாங்கள் கத்துவதில்லை, பிள்ளைகள் சந்தோஷமாக இருந்தால் போதும் என்றார். அடுத்த சனிக்கிழமைப் போட்டியில் என் மகள் ஓடி வந்த ஒருத்தியின் கால்களைப் பிடிக்கக் குனிந்தாள். தலையை அவளுக்கு முன்னால் வைத்தாள். அந்தப் பெண்ணின் இடுப்பெலும்பு என் பிள்ளையின் நெற்றிப்பொட்டில் இடித்தது. காது கிழிந்து இரத்தம், ஆஸ்பத்திரி, மூளை அதிர்வு, மூன்று கிழமை இருட்டறையில் படுக்கை. திரைச்சீலையை மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் இருந்த நாட்களில், நான் சொன்ன "யா, யா" எல்லாம் திரும்பித் திரும்பிக் காதில் கேட்டது.

போட்டி நடந்த அன்றைக்கே லித்தியா ஹென்னிங்கிடம் போய், அரை மணி நேரம் தா, தலையை எங்கே வைப்பது என்று மட்டும் காட்டுகிறேன் என்று கேட்டிருக்கிறாள். சான்றிதழ் இருக்கிறதா, உன் டேனிஷ் போதுமா, காப்புறுதிப் பிரச்சினை வரும் என்றாராம். ஒரு மாதம் கழித்து, ஞாயிறு பின்னேரம், கழகத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம். இங்கே எதையும் கோப்பியும் கேக்கும் வைத்து, கை உயர்த்தித்தான் தீர்மானிப்பார்கள். முதலில் நன்றி தெரிவித்தல். "எங்கள் சலவைப் பெண்கள்" என்று சொல்லி எனக்கும் லித்தியாவுக்கும் ஆளுக்கொரு பூங்கொத்து. எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த விடயம், பெண்பிள்ளைகளின் அணி. "ஆறு மாதம் தேடினோம். துரதிர்ஷ்டவசமாகப் பயிற்சியாளர் எவரும் கிடைக்கவில்லை. மூட வேண்டியதுதான்" என்று ஹென்னிங் வாசித்தார். பதினொரு வருடம் நாட்டுக்கு விளையாடியவள் அவருக்கு நேர் எதிரே பூங்கொத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

நான் எழுந்து வெளியே போனேன். கோபித்துக்கொண்டு போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். காரின் பின்பெட்டியில் அந்தக் கிழமைப் பை தோய்க்காமல் கிடந்தது. எடுத்து வந்து கேக்குக்குப் பக்கத்தில் மேசையில் வைத்து, வாயைத் திறந்துவிட்டேன். நாலு நாள் ஈரச் சேற்றின் மணம் அறை முழுவதும் பரவியது. "இந்தக் கிழமை என்னுடைய முறை இல்லை" என்றேன். "போன கிழமையும் இல்லை. போன மாதமும் இல்லை. ஆறு மாதம் பயிற்சியாளரைத் தேடினீர்கள், லித்தியாவிடம்தான் உங்கள் ஊத்தை மேசுகளைத் தோய்க்கக் கொடுத்தீர்கள். என் பிள்ளையின் காதில் தையல் போட்ட தழும்பு இருக்கிறது." இலக்கணம் எல்லாம் பிழையாக இருந்திருக்கும்.

டேனிஷ்காரர்கள் சண்டை பிடிக்க மாட்டார்கள், கோப்பையைப் பார்ப்பார்கள். எல்லோரும் கோப்பையைப் பார்த்தார்கள். ஹென்னிங் சிவந்துபோய், "நீங்கள் சொல்லியிருக்கலாமே. ஒருவரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லையே" என்றார். அது உண்மைதான். உண்மையாக இருந்ததுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. கேட்காமலே ஒருவரைக் கீழே வைக்கலாம், அவர் சிரித்துக்கொண்டு ஒத்துக்கொண்டால் அதற்குப் பெயர் விருப்பம். கடைசியில் பல் டொக்டர் எழுந்து பையைக் கட்டி எடுத்துப்போய்த் தன் காரில் வைத்தார். கை உயர்த்தினார்கள். கோடைவரை லித்தியா பயிற்சி கொடுக்கலாம், பரீட்சார்த்தமாக. காகிதத்தில் ஹென்னிங்தான் பயிற்சியாளர். திரும்பி வரும்போது லித்தியாவைக் காரில் கொண்டுபோய் விட்டேன். வீட்டு வாசலில் இறங்கும்போது, "நானே கேட்டிருப்பேன். நான் பேச வேண்டியதை நீ பேசிவிட்டாய்" என்றாள். மறுநாள் விரிப்பின் மூலையைப் பிடித்தபோது, "ஆனால் கேக்குக்குப் பக்கத்தில் வைத்தாயே" என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினாள்.

இப்போது செவ்வாயும் வியாழனும் அவள் அந்தப் பழுதான முழங்கால்களோடு புல்லில் விழுந்து விழுந்து காட்டுகிறாள். அன்ரியா இன்னும் மோதக் கூடாது, மற்றவர்கள் விழுந்து பழகும் மெத்தையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பயிற்சி முடிந்ததும் எல்லோரையும் வட்டமாக முழங்காலில் நிற்க வைத்து, பிஜி மொழியில் ஒரு தேவாலயப் பாட்டு பாடுவாள். டேனிஷ் பிள்ளைகள் என்ன செய்வதென்று தெரியாமல் சப்பாத்தைப் பார்க்கிறார்கள், ஆனால் ஒருவர் தோளில் இருந்து ஒருவர் கையை எடுப்பதில்லை. ஹென்னிங் நேற்றும் வந்து அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார். கழகத்தின் இணையப் பக்கத்தில் போட்டிருந்தார். கீழே பயிற்சியாளர் என்று தன் பெயர்.

பன்னிரண்டாவது கிழமை, நேர்மையான என் முறைக்கு, நீலப் பை வந்தது. தோய்த்தேன். இஸ்திரி போடவில்லை, கை துடித்தது, உண்மை. லித்தியா தன் வெள்ளைச் சட்டையையும் கொண்டுவந்து தந்தாள். நெஞ்சில் தென்னைமரம் போட்டது, முதுகில் ஏழு. இதுவரை வேறொருவர் கையில் கொடுத்ததில்லை என்றாள். பின்வளவில் வெயில் இருந்ததால் எல்லாவற்றையும் கொடியில் போட்டேன். அந்த நேரம் பார்த்துத் தங்கை மன்னாரில் இருந்து வீடியோவில் கூப்பிட்டாள்.

"என்னக்கா அது, இவ்வளவு சட்டை? யாற்றை உடுப்பு?"

"எங்கட பிள்ளையளின்ர."

"உனக்கு ஒரு பிள்ளைதானே?"

"மற்ற ஆக்களின்ரயும் இருக்கு. நான்தான் தோய்ச்சனான். என்ர வேலையும் அதுதான். ஆஸ்பத்திரியில இல்லை. உடுப்புத் தோய்க்கிற இடம். இருபத்தாறு வரியமாய்."

அங்கே அவளுக்குப் பின்னால் யாரோ கதைக்கும் சத்தமும் தேத்தண்ணிக் கோப்பை வைக்கும் சத்தமும் கேட்டது. அவள் முகத்தை ஃபோனுக்குக் கிட்டக் கொண்டுவந்து, குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, ஃபோனைத் திருப்பு. இஞ்ச வீட்டில ஆக்கள் நிக்கினம்."

நான் திருப்பவில்லை. திரையின் மூலையில் என் தங்கையின் முகம் சின்னதாக இருந்தது. மிச்சம் முழுவதும் கொடி. பன்னிரண்டு சிவப்புச் சட்டை, ஒரு வெள்ளைச் சட்டை. கை வலித்தாலும் ஃபோனை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.