வண்டிப் பட்டைச் சிலுவை

காரைக்காலில் தையல்கார ஜோஸ்பின் வீடு எது என்று பஸ் ஸ்டாண்டில் இறங்கி எந்த ஆட்டோக்காரரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். ஐம்பத்திரண்டு வயசு. பிறந்தது சுரக்குடிப் பக்கம், வாழ்க்கைப்பட்டது இஞ்ஞாசி வீட்டுக்கு. இஞ்ஞாசிக்கு மூத்தது ஞானமேரி, இளையது அகஸ்டின். ஞானமேரியைப் புதுச்சேரியில் கட்டிக்கொடுத்தார்கள். அகஸ்டினுக்கு ஜோஸ்பின். அவர்களுக்கு ஒரே பிள்ளை செல்வின், இப்போது மஸ்கட்டில் இருக்கிறான். அகஸ்டின் இறந்து நாலு வருஷம் ஆகிறது. ஒன்றுவிட்டது, இரண்டுவிட்டது என்று விரித்தால் விழிதியூர் வரைக்கும் போகும். இதற்கு இவ்வளவு போதும்.

இஞ்ஞாசி மாட்டுவண்டி ஓட்டியவர். விழிதியூரிலிருந்து நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு காரைக்கால் மில்லுக்கு வருவார். அவர் இறந்தபோது மாடுகளுக்கு ஆள் வந்தது, வண்டிக்கு யாரும் வரவில்லை. சக்கரத்தைச் சுற்றியிருந்த இரும்புப் பட்டையை அகஸ்டின் கழற்றினான். கொல்லுப்பட்டறையில் கொடுத்து நிமிர்த்தி, நெட்டுக்கு ஒன்று குறுக்குக்கு ஒன்று வெட்டி, நடுவில் ஆணி அறைந்து, அப்பா கல்லறையில் சிலுவையாக நட்டான். பின்னால் அவனையும் அந்தக் கல்லறையில்தான் வைத்தார்கள்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு முன்னால் கல்லறைக்குச் சுண்ணாம்பும் சிலுவைக்குச் சில்வர் பெயிண்டும் அடிக்காத குடும்பம் அங்கே கிடையாது. முப்பது வருஷம் அகஸ்டின் அடித்தான். அவன் போன பிறகு ஜோஸ்பின் அடித்தாள்.

இந்த வருஷம் புரட்டாசி நடுவில் புல் செதுக்கப் போனவள், குறுக்குப் பட்டை தரையில் கிடப்பதைப் பார்த்தாள். நடு ஆணியைக் கடல் காற்று தின்று பொடியாக்கியிருந்தது. வீட்டுக்கு வந்து நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

“நல்லதாப் போச்சு ஜோஸ்பினு,” என்றாள் ஞானமேரி. “நான் ரெண்டு வருஷமாச் சொல்றேன். எல்லாரும் கிரானைட் போட்டுட்டாங்க, நம்ம அப்பா மட்டும் தகரத்துக்கு அடியில படுத்திருக்காரு.”

“தகரம் இல்லீங்க அண்ணி. மாமா வண்டிப் பட்டை.”

“எல்லாம் பழைய இரும்புக்காரன் எடுக்கிற சாமான்தான். முதல் தேதி நான் வர்றேன், கிரானைட்காரரையும் வரச் சொல்லிடறேன்.”

“அதுக்குள்ள நான் நிமிர்த்தி வச்சிடறேங்க.”

“நிமிர்த்துவியா? சரி. நான் வந்து புடிச்சு ஆட்டிப் பார்ப்பேன். ஆடாம நின்னா இருக்கட்டும். ஆடுச்சுன்னா பேச்சு கிடையாது.”

ஞானமேரி ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான், இஞ்ஞாசியின் பிடிவாதம் முழுக்க மகளுக்குப் போய்விட்டது. ஜோஸ்பின் ஒத்துக்கொண்டாள்.

இரண்டு வெல்டிங் பட்டறைக்குப் பட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒருவர் மழைக்கு முன்னால் முடிக்க வேண்டிய கேட்டுகளைக் காட்டினார். இன்னொருவர், “இந்தத் துருவுல நான் ராடு வைக்க மாட்டேம்மா. புதுசாச் செஞ்சு தர்றேன், அஞ்சு நிமிஷ வேலை,” என்றார். புதுசு வேண்டும் என்றால் கிரானைட் என்ன பாவம் செய்தது?

வீட்டில் தையல் மேசைக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. சாவதற்கு முந்தைய வருஷம் அகஸ்டின் ஆசைப்பட்டு வாங்கிய சின்ன வெல்டிங் மெஷின். வீட்டுக் கரண்டிலேயே ஓடும், தானே பழகி மாடிக்குப் படி செய்வேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். பெட்டியில் ஒட்டிய டேப்பைக்கூட அவன் பிரிக்கவில்லை. ஜோஸ்பின் துணி வெட்டும் கத்தரியால் அதைப் பிரித்தாள்.

செல்வின் மஸ்கட்டிலிருந்து கத்தினான். “அம்மா, கரண்டோட விளையாடாதீங்க!”

“முப்பது வருஷமா மோட்டார் மெஷின்ல தைக்கிறேன்டா. அது மட்டும் என்ன, மண்ணெண்ணெயிலயா ஓடுது?”

சாமான் வாங்க காஜா நஜ்முதீன் கடைக்குப் போனாள். அவர் ஹார்டுவேர் கடைக்காரர், அகஸ்டினோடு பந்து விளையாடியவர். ராடு, முகக் கவசம், தோல் கையுறை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு அவளுடைய சேலையைப் பார்த்தார்.

“தங்கச்சி, இந்த நைலான் சேலையோட மெஷின்கிட்டப் போகாதீங்க. பொறி விழுந்தா உருகி உடம்போட ஒட்டிக்கும். அகஸ்டின் காட்டன் சட்டை இருக்குமில்ல? போட்டுக்குங்க. கால்ல செருப்பு ஆகாது, ஷூ வேணும். கண்ணாடி இல்லாம அந்த வெளிச்சத்தை ஒரு சிமிட்டுகூடப் பாக்காதீங்க.”

“பாய், நான் வெல்டிங்குக்குப் போறேனா, சண்டைக்குப் போறேனா?”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

பின்கட்டு முற்றத்தில் செங்கல் அடுக்கி, அதன்மேல் பழைய இரும்புத் துண்டுகளை வைத்து ஆரம்பித்தாள். மெஷினிலிருந்து இரண்டு ஒயர் வரும். ஒன்றின் முனையில் ராடை, அதாவது உருகி இரும்பை ஒட்டுகிற கம்பியை, கவ்வ வேண்டும். இன்னொன்று எர்த்து, அதை வேலை செய்கிற இரும்பில் கவ்விவிட வேண்டும். தீக்குச்சி உரசுகிற மாதிரி ராடை உரசிவிட்டு, உடனே ஒரு நெல்மணி உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்க வேண்டும். போன் வீடியோவில் பார்க்கும்போது சுலபமாகத்தான் இருந்தது. கையில் ராடு பல்லி மாதிரி இரும்போடு ஒட்டிக்கொண்டது. பிடுங்கினால் மறுபடி ஒட்டியது. தூக்கினால் வெளிச்சம் அணைந்தது.

பக்கத்து வீட்டு உமாமகேஸ்வரி மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள். அவளுக்கு ஜோஸ்பின்தான் ரவிக்கை தைப்பது.

“அக்கா, என் ரவிக்கை என்னாச்சு?”

“இரும்புல தச்சுத் தரவா?”

“போடுற ஆளுக்கு அதுதான் சரியா வரும். எங்க மாமியாருக்கு ஒண்ணு தைங்க!”

ஐப்பசி மழை தொடங்கியது. ஈரக் காற்றில் ராடு நமுத்துப்போய்ப் பொரிந்தது. ஜோஸ்பின் அதைத் தோசைக்கல்லில் போட்டுச் சூடு காட்டி, பிஸ்கட் டப்பாவில் மூடி வைத்தாள். ஒரு நாள் கவசத்தை இறக்குமுன் ராடு உரசிவிட்டது. அன்று சாயங்காலம் இரண்டு கண்ணிலும் மணல் அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து விட்டுக்கொண்டு மூன்று நாள் சும்மா இருந்தாள். நாலாம் நாள் முதலில் கவசம், பிறகுதான் ராடு. அந்த வரிசை அதற்குப் பிறகு மாறவேயில்லை.

இருபது நாளில் கை படிந்துவிட்டது. தையல்காரியின் கை, ஒரே வேகத்தில் நகரத் தெரிந்த கை. மேலே படிந்த கசடைச் சுத்தியால் தட்டினால் அடியில் வரிவரியாக இரும்பு தெரிந்தது. பழகின துண்டுக் குழாய்களை, அன்று சிலுவைக்குப் போக மிஞ்சிக் கிடந்த வண்டிப் பட்டையில் நிறுத்தி ஒட்டி மெழுகுவத்தி வைக்க மூன்று குவளை செய்தாள். முதல் குவளை கோணல். மூன்றாவது நேராக நின்றது.

அப்புறம்தான் சிலுவையைத் தொட்டாள். நெட்டுப் பட்டையையும் கல்லறையிலிருந்து பிடுங்கி ஆட்டோவில் கொண்டுவந்திருந்தாள். சிலுவையைத் தரையில் போட மனசு வராமல் செங்கல்மேல் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து அதில் கிடத்தினாள்.

“அக்கா, நீங்க பூசை வைக்கிறீங்களா, வெல்டிங் வைக்கிறீங்களா? துணி பத்திக்கப் போவுது!” என்றாள் உமாமகேஸ்வரி மதிலிலிருந்து. அதுவும் சரிதான் என்று வேட்டியை எடுத்தாள்.

சிலுவையில் எது பளபளப்பாக இருந்ததோ அந்த இடமாகப் பார்த்து எர்த்தைக் கவ்வினாள். ராடை உரசினாள். ஒரு பொறி இல்லை. இன்னும் பத்துத் தரம் உரசினாள். செத்த பாம்பு மாதிரிக் கிடந்தது மெஷின்.

தேதி இருபத்தாறு. மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினாள். “பாய், மெஷின் போயிடுச்சு. மழையில நனைஞ்சிருக்கும்.”

நஜ்முதீன் கடை வாசலில் கிடந்த கம்பியில் உரசிப் பார்த்தார். சடசடவென்று எரிந்தது.

“மெஷின் நல்லாத்தானே இருக்கு? எர்த்தை எங்க மாட்டுனீங்க?”

“சிலுவையிலதான். துருவுல மாட்டல, நல்லாப் பளபளன்னு இருந்த இடத்துல.”

“பளபளன்னு இருந்தது இரும்பா?”

ஜோஸ்பின் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “சில்வர் பெயிண்டு.”

“எத்தினி கோட்டு?”

“வருஷத்துக்கு ஒண்ணு. முப்பத்துநாலு.”

அவர் சிரித்த சிரிப்பில் கல்லாவில் இருந்த பேனா கீழே விழுந்தது. “பாக்கத்தான் அது வெள்ளி. கரண்டுக்கு அது சுவரும்மா! சுரண்டுங்க. ஒட்டுற இடத்துல ஒரு சாண், எர்த்து மாட்ட நாலு விரக்கடை. பெயிண்டோட வச்சு எரிச்சுடாதீங்க, அந்தப் புகை ஆகாது. காத்துக்கு எதிர்ல நிக்காதீங்க.”

சுரண்ட உட்கார்ந்தவளுக்குக் கை ஓடவில்லை. மேலே நாலு கோட்டுப் போக அத்தனையும் அகஸ்டின் கைப் பூச்சு. அதைச் சுரண்டுவது என்றால் ஒருமாதிரித்தான் இருந்தது. ஆனால் சுரண்டாமல் சிலுவை நிற்காது. உப்புத்தாளும் கத்தியும் வைத்துக்கொண்டு மெல்ல ஆரம்பித்தாள். நடுவில் ஒரு கோட்டுப் பச்சை வந்தது. செல்வின் பிறந்த வருஷம், அகஸ்டின் டப்பா மாற்றி வாங்கி வந்து கேட்டுக்கு அடிக்கிற பச்சையை அடித்துவிட்டான். ‘மாமாவை மரமாக்கிட்டீங்களே’ என்று அன்றைக்கு அவள் திட்டியது திட்டு. இப்போது சிரிப்பு வந்தது. பாய் சொன்ன அளவுக்கு மேல் சுரண்டவில்லை. மற்றதெல்லாம் இருந்தபடியே இருந்தது.

அடியில் இரும்பு சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருந்தது. உரசின உடனே பிடித்தது. சந்தோஷத்தில் ஒரு பக்கம் முழுக்க ஒரே ஓட்டமாக ஓட்டிவிட்டாள். ஆறினதும் பார்த்தால் குறுக்குப் பட்டையின் ஒரு கை மேலே தூக்கிக்கொண்டிருந்தது. சூடான பக்கம் ஆறும்போது சுருங்கி இழுத்துவிட்டது.

ஜோஸ்பின் நெற்றியில் அடித்துக்கொண்டாள். ரவிக்கைக்குக் கை வைக்கும்போது நாலு இடத்தில் குண்டூசி குத்தாமல் அவள் ஒரு நாளும் தையல் ஓட்டியதில்லை. துணிக்குச் செய்ததை இரும்புக்குச் செய்யத் தோன்றவில்லை. ரம்பத்தால் ஒட்டிய இடத்தை அறுக்கவே ஒரு பகல் போயிற்று. மறுநாள் முன்னும் பின்னும் நாலு மூலையில் பொட்டுப் பொட்டாக ஒட்டினாள். தையல் ஸ்கேலை வைத்துக் கோணம் பார்த்தாள். பிறகு இந்தப் பக்கம் கொஞ்சம், திருப்பிப் போட்டு அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஓட்டினாள். ஆறும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள். அசையவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி சிமெண்ட் குழைத்துக் கல்லறையில் நட்டாள், காலடியில் மூன்று குவளையும் வைத்து. மழை விட்டது முதல் தேதி காலையில்தான். அப்போதுதான் சில்வர் பெயிண்ட் அடிக்க முடிந்தது.

மத்தியானம் ஞானமேரி பஸ்ஸில் வந்தாள். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கல்லறைத் தோட்டம். கிரானைட்காரர் அளவு டேப்போடு தயாராக நின்றார். ஞானமேரி பையைக் கீழே வைத்தாள், குறுக்குப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்தாள், இழுத்தாள். பிறகு தள்ளினாள். அறுபத்தைந்து வயசுக்கு நல்ல பலம்.

சிலுவை அப்படியே நின்றது. ஞானமேரியின் இரண்டு உள்ளங்கையும் வெள்ளியாகியிருந்தது.

“காயலையா?”

“இல்லீங்க அண்ணி. காலையிலதான் அடிச்சேன்.”

ஞானமேரி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நடு ஒட்டைக் குனிந்து பார்த்தாள். பெயிண்டுக்கு அடியிலும் வரி தெரிந்தது. “யாரு வச்சா?”

“நான்தான்.”

“மெஷினு?”

“அவர் வாங்கி வச்சது.”

ஞானமேரி அந்த வரியை ஒரு விரலால் தடவினாள். பிறகு கிரானைட்காரரிடம் திரும்பி, “டேப்பைச் சுருட்டுங்க தம்பி,” என்றாள். ஜோஸ்பினிடம், “எங்க வீட்டு மாடிக் கைப்பிடி ஒண்ணு ஆடுது. கிறிஸ்மஸுக்கு வரும்போது மெஷினை எடுத்துட்டு வா,” என்றாள்.

மறுநாள் சாயங்காலம் கடல் காற்று வீசிற்று. சுற்றிலும் கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்ற ஏற்ற அணைந்தது. இஞ்ஞாசி கல்லறையில் மூன்றும் குவளைக்குள் நின்று எரிந்தன. பக்கத்துக் கல்லறை அம்மாள் எட்டிப் பார்த்து, “இது எங்க வாங்குனது?” என்று கேட்டாள்.

“வாங்குனது இல்ல,” என்றாள் ஞானமேரி முந்திக்கொண்டு. “இரும்பு எங்க அப்பா வண்டி. வெல்டிங் எங்க அகஸ்டின் பொண்டாட்டி.”