வலிப்புக்காரி ஒட்டிய விமானம்

சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில் தையல் டீச்சர் செல்வமேரியைத் தெரியாதவர்கள் கிடையாது. நெட்டையான உடம்பு, அதைவிட நீளம் அவள் ஞாபகம். நல்லதை மறந்தாலும் மறப்பாளே தவிர, தனக்குக் கெட்டது செய்தவரை அவள் மறந்ததாகச் சரித்திரமே இல்லை. மன்னிப்பைப் பற்றி ஞாயிறு தவறாமல் பிரசங்கம் கேட்டவள்தான். அது வேறு யாருக்கோ சொன்னது என்பதுபோல முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்துவிடுவாள். இவ்வளவு ஆகாது என்று சொல்லத் தோன்றும். அவளுக்கு நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

எழுபத்தொன்றாம் வருசச் சண்டை முடிந்த கையோடு, விமானப் படையில் மெக்கானிக்காக இருந்த ஆரோக்கியம் ஆக்ராவிலிருந்து லீவில் வந்தான். போட்ட குண்டையெல்லாம் தானே கையால் முடுக்கி அனுப்பியதுபோலப் பேசினான். பேச்சில் ஊரே மயங்கியது. செல்வமேரியும் கொஞ்சம் மயங்கித்தான் போனாள். நிச்சயதார்த்தம் நடந்தது. அவன் தாய் சாலம்மாள் தன் கையாலேயே மோதிரம் போட்டுவிட்டாள்.

மோதிரத்தோடு ஓர் அட்டைப்பெட்டியும் வந்தது. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று விற்றுவிட்டுப் போன பழைய சாமான். உள்ளே கான்பெரா என்கிற குண்டுவீச்சு விமானம் பிளாஸ்டிக் துண்டு துண்டாகக் கிடந்தது. ஒட்டினால் ஒரு முழ நீளத்துக்கு விமானம் வரும் என்று சொல்லி, மாமனார் வீட்டுக் கூடத்திலேயே பாய் விரித்து உட்கார்ந்தான் மாப்பிள்ளை. தேய்ந்துபோன அச்சில் வார்த்த துண்டுகள். ஓரமெல்லாம் பிசிறு, இடது பாதி வலது பாதியோடு சேரவே மறுத்தது. கோந்தைக் கொட்டிக் கோணலாக ஒட்டி, ஒரு சக்கரக் காலையும் ஒடித்துவிட்டு, இதை ஒட்ட மனுசனால் ஆகாது என்று பெட்டியைத் தள்ளிவிட்டு எழுந்துபோனான்.

கத்தோலிக்கர்களுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் ஓலை வாசிக்கிற வழக்கம் உண்டு. மூன்று ஞாயிறு பூசையில் பெண் பேரையும் மாப்பிள்ளை பேரையும் சாமியார் வாசிப்பார். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்வார். இரண்டு ஓலை வாசித்தாயிற்று. அதற்குள் பெங்களூரில் வீடு வாசலோடு ஒரு பெண் ஆரோக்கியத்துக்கு அமைந்துவிட்டது. வேண்டாம் என்று நேராகச் சொல்லியிருந்தால் ஆண்மை. தாயும் மகனும் அப்படிச் செய்யவில்லை. சாலம்மாள் சாமியாரிடம் போய், பெண்ணுக்கு வலிப்பு, என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன் என்று சொல்லிவிட்டாள்.

மூன்றாம் ஞாயிறு செல்வமேரி புதுச் சேலை கட்டிக்கொண்டு பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஓலை வாசிக்காமலே சாமியார் பிரசங்கத்துக்குப் போய்விட்டார். கோவில் முழுக்கத் தலை திரும்பியது.

வலிப்பாவது மண்ணாவது! அவளுக்குத் தலைவலிகூட வந்ததில்லை. ஆனால் நரம்பில்லாத நாக்குக்கு யார் வேலி போடுவது? அதற்குப் பிறகு சேலத்திலிருந்து வாழப்பாடிவரை ஒருவர்கூட அவளைப் பெண் கேட்டு வரவில்லை. தையல் வகுப்பில் மிஷினை அவள் மிதித்தால் பிள்ளைகள் தள்ளி நின்றன. இது போதாதென்று சாலம்மாள், குறை பெண்ணிடம் என்பதால் மோதிரம் திரும்பியாக வேண்டும் என்று வாசலில் வந்து நின்றாள். காணாமல் போய்விட்டது என்று செல்வமேரி கதவைச் சாத்தினாள். வலிப்புக்காரியோடு மோதிரத் திருடி என்ற பேரும் சேர்ந்துகொண்டது.

அன்றைக்கு அடுப்பில் போடத்தான் அந்தப் பெட்டியை இறக்கினாள். திறந்ததும் ஆரோக்கியம் ஒட்டிய கோணல் ஒட்டு கண்ணில் பட்டது. அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. அரை பிளேடை எடுத்து அந்த ஒட்டை மயிரிழை மயிரிழையாக அறுத்துப் பிரித்தாள். பிரித்து முடித்தபோது மனசுக்கு என்னவோ இதமாக இருந்தது. நடுங்குகிற கை செய்கிற வேலையா அது? அந்த நிமிசமே முடிவுசெய்துவிட்டாள்: மனுசனால் ஆகாது என்று அவன் தள்ளியதை இந்தக் கை ஒட்டும், அதைக் கோவில் பங்குச் சனம் முழுக்கப் பார்க்கும்.

சுலபமான சாமானாக இருந்திருந்தால் பத்து நாளில் விமானமும் முடிந்திருக்கும், கோபமும் ஆறியிருக்கும். அது மசியவில்லை. இந்தப் பக்கம் சுரண்டினால் அந்தப் பக்கம் சந்து விட்டது. இறக்கை நேரானால் வால் கோணியது. அதுவே அவளுக்குப் பிடித்துப்போயிற்று. மனிதர்களோடு போட முடியாத சண்டையை அதோடு போட்டாள். ஒவ்வொரு பிசிறையும் சாலம்மாளின் நாக்கென்று நினைத்துக்கொண்டு சீவினாள். மல்லுக்கட்டி மல்லுக்கட்டி ஒரு துண்டு தன் இடத்தில் நறுக்கென்று போய் உட்காரும்போது, வருசக்கணக்கில் எவரும் அவளுக்குத் தராத சந்தோசத்தை அது தந்தது. பிடிவாதக்காரிக்குப் பிடிவாதக்கார விமானம் வாய்த்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

கோந்து காய்ந்துபோயிருந்தது. அவள் அண்ணன் லாசர் லாரிக்குப் பெயின்ட் அடிக்கிற ஷெட்டில் இருந்தான். அங்கிருந்து தின்னரும், லாரி பாடியில் பள்ளம் அடைக்கிற பட்டியும் கொண்டுவந்து கொடுத்தான். தின்னர் ஒரு சொட்டு கூடினால் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும், குறைந்தால் பிடிக்காது. தொட்டும் தொடாமலும் தடவி, துணி காயப்போடும் கிளிப்பை மாட்டிக் காத்திருப்பாள். சந்தில் பட்டியை அப்பி, காயவிட்டு, உப்புத்தாளை நனைத்துத் தேய்ப்பாள். விரலால் தடவி, நெருடினால் திரும்பவும் அப்புவாள். பார்த்துப் பார்த்து லாசருக்கே அலுத்துவிட்டது.

"ஏன் அம்மிணி, இதையக் கட்டி என்ன பண்ணப் போற?"

"வலிப்புக்காரி கை எப்படி இருக்கும்னு காட்டப் போறேன் அண்ணா."

ஒட்டியெல்லாம் முடிகிற நேரத்தில் ஒரு வில்லங்கம். மூன்று சக்கரத்தில் நிற்க வேண்டிய விமானம், மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் போய் உட்கார்ந்தது. மூக்குக்குள் கனம் வைக்க வேண்டும். அங்கே இருந்ததோ சுண்டுவிரல் நுனி போகிற இடம். பெரிய நட்டு உள்ளே போகவில்லை; போன நட்டுக்குக் கனம் போதவில்லை. யோசித்தவள் மெதுவாக எழுந்துபோய் அரிசிப் பானைக்குள் கைவிட்டு மோதிரத்தை எடுத்தாள். தங்கம் சின்னதானாலும் கனம். உள்ளே வைத்துப் பார்த்தாள். விமானம் மூக்கைத் தாழ்த்தி அடக்கமாக நின்றது. மோதிரத்துக்கு ஒருவழியாக ஒரு வேலை கிடைத்ததே என்று வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே மூக்கை ஒட்டி மூடினாள்.

எழுபத்தெட்டாம் வருசக் கிறிஸ்துமஸ். கோவில் குடிலில் மாட்டுக் கொட்டகையும் இடையர்களும் மட்டும் இருந்தால் நம் சனங்களுக்குப் போதாது. ஆளாளுக்கு வீட்டுப் பொம்மையைக் கொண்டுவந்து வைப்பார்கள்; சேசு பாலன் தலைமாட்டில் ரயிலும் பஸ்ஸும் ஓடும். செல்வமேரி மணல் பரப்பி அதில் கான்பெராவை நிறுத்தினாள். காவி, வெள்ளை, பச்சை வட்டம் இறக்கையில் பளிச்சென்று இருந்தது. காலைப் பூசை முடிந்து சனம் மொய்த்தது. ஒருத்தி விமானத்தைப் பார்த்துவிட்டு, செல்வமேரியின் கைகளைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வைக்காக அவள் ஆறு வருசம் காத்திருந்தாள்.

கெடுத்தான் ஆரோக்கியம். பெண்டாட்டி, பையனோடு லீவில் வந்திருந்தவன் கூட்டத்துக்குள் புகுந்து, இது நான் ஒட்டியது என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். அப்பன் செய்ததா என்று பையன் துள்ளினான். பங்குக்குப் புதிதாக வந்திருந்த சாமியார், விமானப்படைக் கையென்றால் சும்மாவா என்று பாராட்டினார். அவள் பேரைக் கெடுத்தவன் இப்போது அவள் கையையும் தனதாக்கிக்கொண்டான். செல்வமேரிக்கு உச்சந்தலைவரை கொதித்தது. ஆனால் வெளியில் காட்டவில்லை. விமானத்தைத் தன் கையாலேயே எடுத்துப் பையனிடம் கொடுத்தாள்.

"உங்களுதுன்னா எடுத்துட்டுப் போங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மூக்குக்குள்ள கனத்துக்கு என்ன வச்சீங்க?"

ஆரோக்கியம் விழித்தான். இரும்புத் துண்டு ஏதோ வைத்தேன் என்று முனகினான்.

"இரும்பு இல்லீங்க. நம்ம நிச்சயதார்த்த மோதிரமுங்க. அத்தை வாசல்ல வந்து நின்னு கேட்டாங்களே, அதேதான். வேணும்னா ஒடைச்சு எடுத்துக்கச் சொல்லுங்க."

என்ன நிச்சயதார்த்தம் என்று கேட்டாள் அவன் பெண்டாட்டி. அவளுக்கு ஒன்றுமே தெரியாது. இரண்டு ஓலை வாசித்த கதையைச் சொல்ல அங்கே ஆளுக்கா பஞ்சம்!

அன்று மத்தியானமே சாலம்மாள் அம்மிக் குழவியால் மூக்கைத் தட்டி உடைத்து மோதிரத்தை எடுத்துக்கொண்டாள். விமானம் வாலில் போய் உட்கார்ந்தது. பையன் அழ ஆரம்பித்தான். நீதானே ஒட்டினாய், திரும்ப ஒட்டிக் கொடு என்று அப்பனைப் பிடித்து உலுக்கினான். ஆரோக்கியம் ஒட்டிப் பார்த்ததில் இருந்ததும் கெட்டது. பெண்டாட்டி அவனோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். பையன் சோறு தொடவில்லை.

கடைசியில் சாலம்மாளே விமானத்தை ஒயர் கூடையில் போட்டுக்கொண்டு வந்தாள். செல்வமேரி வீட்டு வாசலுக்கு நேரெதிரே குழாயடி; குடத்தோடு பெண்கள் நின்றார்கள்.

"ஏஞ்சாமி, பச்சப்புள்ள பட்டினி கெடக்குது. இதைய ஒட்டிக் குடு சாமி."

செல்வமேரி கூடைக்குள் பார்த்தாள். மூக்கு பிளந்து, கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. ஆரோக்கியம் போனபோது வராத கண்ணீர் அப்போது முட்டிக்கொண்டு வந்தது. பட்டி வைத்து இரண்டு நாள் தேய்த்தால் சரியாகிவிடும் என்று அவள் விரல்களுக்குத் தெரியும். கூடைக்குள் கை விடாமல் இருக்க முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு குழாயடிக்கும் கேட்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"எனக்குத்தான் வலிப்பாச்சுங்களே அத்தை. கை நடுங்குமுங்க."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். குழாயடியில் முதலில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்தது, பிறகு எல்லாருக்கும் வந்தது. சாலம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை அதைக் கேட்டபடியே நடந்துபோனாள்.