வாய்ப்பூட்டு திறந்த மதியம்

இணைய இணைப்பு கொடுக்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில் அவருக்கு வாய்ப்பூட்டு என்று பெயர். எந்த நேரத்தில் எந்த ஐபி முகவரி எந்த வீட்டில் இருந்தது என்ற பதிவு அவர் பொறுப்பு. இணையத்தில் ஒரு வீட்டு இணைப்பை அடையாளம் காட்டும் அந்த எண் ஒரே வீட்டில் தங்காது. இங்கே மோடத்தை அணைத்தால் கொஞ்ச நேரத்தில் வேறொரு வீட்டுக்குப் போய்விடும். அந்த வீடுகளில் யார் என்ன பார்க்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. மைத்துனர் ஒருமுறை, "எதிர்வீட்டுக்காரன் எந்நேரமும் நெட்டுல என்னதான் பண்றான் மச்சான்?" என்று நூல்விட்டுப் பார்த்தார். "அவனையே கேளு மச்சான்" என்று சாப்பாட்டைத் தொடர்ந்தார் இவர்.

போலீஸிடமிருந்து முறையான கடிதம் வந்தால் மட்டும் பூட்டு திறக்கும். தொண்ணூறு நாளானால் பதிவு தானாக அழிந்துவிடும். "அதுக்கு மேல அடுத்தவங்க விஷயம் நமக்கெதுக்கு?" என்று முதலாளியோடு மல்லுக்கட்டி அந்தக் கெடுவை வைத்தவரும் அவர்தான்.

அப்பேர்ப்பட்ட மனுஷர்தான் ஒரு தையல்காரியின் வீட்டுக்குப் போலீஸை அனுப்பிவைத்தார்.

யாரோ ஒரு பள்ளி மாணவியை மிரட்டிச் செய்தி அனுப்பியிருந்தார்கள். போலீஸ் கடிதத்தில் அந்தச் செய்தி வந்த ஐபி முகவரியும் நேரமும் இருந்தன. இவர் பதிவைப் பார்த்து, தையல்காரியின் வீடு என்று எழுதிக் கொடுத்தார். பட்டப்பகலில் வந்து அவளுடைய போனையும் கணினியையும் எடுத்துப் போனார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது.

அந்தப் பதிவுக்கு எண்பத்தேழாம் நாள், வேறு வேலையாகக் கோப்பைப் புரட்டியபோது அந்தக் கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது: நேரம், உலகப் பொது நேரப்படி. அவர் அதை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொண்டிருந்தார்; இரண்டுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். நேரத்தை மாற்றிப் போட்டுத் தேடினார். அந்த நேரத்தில் முகவரி இன்னொரு வீட்டில் இருந்திருக்கிறது. இன்னும் மூன்று நாள் போயிருந்தால் அவளுக்கு இருந்த ஒரே சாட்சியும் அழிந்திருக்கும்.

உடனே போலீஸுக்குத் திருத்தம் எழுதினார். முதலாளி கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "இதோட விட்டுடுங்க சார். அந்தம்மாகிட்ட போய் வாயைக் கொடுத்தா நம்ம கம்பெனி பேரு நாறிடும். போனீங்கன்னா திரும்பி இங்க வராதீங்க."

பதினெட்டு வருஷத்து வேலை. மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

தையல்காரியின் வீட்டில் மெஷின் உறைபோட்டுக் கிடந்தது. யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்தவர்கள் எல்லோரும் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். நேரத்தைத் தப்பாகப் படித்த கதையை அவர் சொல்லி முடித்தார்.

"அப்போ அது யாரு வீடு?"

"அதை உங்ககிட்ட சொல்ல முடியாதும்மா. போலீஸுக்குச் சொல்லிட்டேன்."

"என் வீட்டைச் சொல்றப்ப மட்டும் வாய் வந்துச்சாக்கும்!"

"கடிதம் கேட்டுச்சு, சொன்னேன். படிச்சது தப்பு. அது என் தப்புதான்."

"இதையெல்லாம் எழுதி வெக்காமலே இருந்தா என்ன?"

"அப்ப அந்தப் பொண்ணை மிரட்டினவன் தப்பிச்சிடுவான். நீங்க பண்ணலைன்னு காட்டவும் எங்கிட்ட ஒண்ணும் இருந்திருக்காது. அதுக்காக வருஷக்கணக்கா வெச்சிருந்தா, அதுவும் ஆபத்துதான்."

நியாயமான பதில்தான். ஆனால் உறைபோட்ட மெஷினுக்கு எதிரே உட்கார்ந்து சொல்ல அவருக்கே கூசியது.

அவள் இடுப்பில் கைவைத்தாள். "அன்னிக்கு வந்தவங்க வாசல்ல நின்னு தெருவுக்கே கேக்கற மாதிரி என் பேரைச் சொன்னாங்க. நீங்க உள்ள உக்காந்து குசுகுசுங்கறீங்க."

அவர் எழுந்தார். வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றார்.

"இந்த வீட்டம்மா எந்தத் தப்பும் பண்ணலை! வீட்டைத் தப்பாச் சொன்னது நான்தான்!"

எதிரே துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார். பின்னாலிருந்து தையல்காரியின் குரல் வந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க சார். மாடிவீட்டுக்காரங்க இப்பத்தான் ஜன்னலைத் திறக்கறாங்க."