கராஜுக்குக் குடிபோன கணவர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கிறது என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லித் திரிவார். உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதில் பாதிக்கு மேல் படிவங்களால் வந்த கோபம். செவ்வாய்க்கிழமைகளில் நான் ஆக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு சமூக நிலையத்தில் இருப்பேன். ஆங்கிலம் சரளமாக வராத தமிழருக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பேன். அரசாங்க அலுவலகத்துக்கு அவர்களோடு போய் மொழிபெயர்ப்பேன். சம்பளம் கிடையாது, தேத்தண்ணி கிடைக்கும்.

றெஜினோல்ட் அண்ணை அங்கே வந்தது இந்த மார்ச் மாதம். அதற்கு முன்பே அவரைத் தெரியும், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருக்காரர். ஐம்பத்தெட்டு வயது, மன்னார் ஆள். உறைந்த மீனும் காய்கறியும் அடுக்கி வைக்கிற குளிர்களஞ்சியம் ஒன்றில் பதினேழு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். வெளியே கோடை வெயில் கொளுத்தும்போது இந்த மனிதர் கம்பளித் தொப்பியும் இரண்டு சோடி காலுறையுமாக வேலைக்கு நடந்து போவார். வாய் திறந்து நாலு வசனம் சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை. மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து எல்லாரும் கதைத்துக்கொண்டு நிற்க, இவர் கதிரைகளை மடித்து அடுக்கிவிட்டுப் போயிருப்பார். அவர் அங்கே நின்றாரென்பது கதிரைகளைப் பார்த்தால்தான் தெரியும்.

அவருடைய மனைவி பேர்ணடெட் அக்கா முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்கிறார். பிள்ளைகள் இல்லை. இரண்டே பேர், ஒரு வாடகை வீடு, ஒரு கார். அவசரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கை.

போன வருடம் மே மாதம் அந்தக் களஞ்சியத்தை மூடிவிட்டார்கள். வேலை போனதை றெஜினோல்ட் அண்ணை வீட்டில் சொல்லவில்லை. வழக்கம்போலத் தொப்பியை மாட்டிக்கொண்டு காலையில் புறப்பட்டு, பெரிய கடைத்தொகுதியில் ஒரு வாங்கில் குந்தியிருந்துவிட்டுப் பின்னேரம் திரும்பி வந்தார். ஒருநாள் இரண்டுநாள் அல்ல, மூன்று கிழமை. அந்த மூன்று கிழமையும் பேர்ணடெட் அக்கா தன்னுடைய காலை வேலைக்குப் போகுமுன் விடியற்புறம் எழும்பிச் சோறும் கறியும் சமைத்து அவருக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

அக்காவுக்கு விஷயம் தெரிந்தது கோயிலில். கூட வேலைசெய்த ஒருவரின் மனைவி கையைப் பிடித்து, கேள்விப்பட்டோம், கவலையாக இருக்கிறது என்றாராம். அத்தனை பேருக்கு முன்னால் அக்கா தனக்கும் தெரியும் என்பதுபோலத் தலையாட்டிச் சமாளித்தார். வீட்டுக்கு வந்தபின் ஒரு சத்தம் இல்லை, சண்டை இல்லை. பேசுவதை நிறுத்தினார், அவ்வளவுதான். நானாக இருந்தால் அன்றைக்கே சட்டி பானை பறந்திருக்கும், அடுத்த நாள் எல்லாம் சரியாகியிருக்கும். பேசாமல் இருக்கிற கோபம் பொல்லாதது.

அண்ணை தன் உடுப்பை எடுத்துக்கொண்டு வீட்டோடு ஒட்டிய கராஜுக்குப் போய்விட்டார். வேறெங்கே போவது? ஆக்லாந்தில் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போவதற்கும் வசதி வேண்டும். ஒரு தனி அறைக்குக் கேட்கிற வாடகையைக் கேட்டால் கோபம் தானாக ஆறிவிடும். கம்பனி கடைசியாகக் கொடுத்த தொகையிலிருந்து தன் பங்கு வாடகையை ஒவ்வொரு கிழமையும் உறையில் போட்டுச் சமையலறை மேசையில் வைத்து வந்தார். பெப்ரவரியோடு அந்தப் பணம் தீர்ந்தது.

வேலை தேடாமல் இருந்தவரும் அல்ல. கண்ட இடமெல்லாம் விண்ணப்பித்தார். பாதிப்பேர் பதில் போடவில்லை. கூப்பிட்ட இரண்டு இடத்திலும் அவர் நொண்டி நொண்டி நடந்து வருவதைக் கண்டவுடனே பிறகு அறிவிக்கிறோம் என்றார்கள். குளிருக்குள் பதினேழு வருடம் கிடந்த முழங்கால் பின்னே எப்படி இருக்கும்?

அவர் என் மேசைக்கு முன்னால் வந்து இருந்து, உதவித்தொகைக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்றார். தனி ஆள் என்று போடச் சொன்னார். அதுதான் சிக்கல். கணவன் மனைவியாக வாழ்ந்தால் இரண்டு பேரின் வருமானத்தையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள், பேர்ணடெட் அக்காவின் சம்பளத்துக்கு இவருக்கு ஒன்றும் கிடைக்காது. லண்டனில் இருக்கிற இவருடைய தம்பி றொய்ஸ்டனும் தொலைபேசியில் அதையேதான் சொன்னாராம். அங்கேயும் வேலை போனவர்கள் பாடு இதுதான், வீட்டில் ஒருவர் உழைத்தால் மற்றவருக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள், பிரிந்துவிட்டோம் என்று எழுதித் தப்பிவிடு என்று புத்தியும் சொல்லியிருக்கிறார்.

"நான் எழுதுறதுக்காகச் சொல்லேல்லைத் தங்கச்சி. உண்மையாவே பிரிஞ்சுதான் இருக்கிறம்" என்றார் அண்ணை. பணம் வராவிட்டால் மூன்று மணிநேரத் தூரத்தில் தெ புகே பக்கத் தோட்டங்களில் கிவிப்பழம் பிடுங்கப் போகப்போவதாகவும், அங்கே தங்குவதற்கு ஒருவரிடம் கேட்டு வைத்திருப்பதாகவும் சொன்னார். இந்த முழங்காலோடா என்று கேட்டேன். மனிதர் படிவத்தை என் பக்கம் தள்ளி வைத்தார். போனால் இவர் திரும்பி வரமாட்டார் என்று எனக்கு அப்போதே விளங்கியது. பேசாமல் இருக்கிற இரண்டு பேருக்கு இடையில் ஒரு சுவர் மட்டும் இருக்கும்வரைதான் நம்பிக்கை.

அடுத்த கிழமை நானும் அண்ணையும் உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனோம். எங்களைக் கூப்பிட்டவள் ஒரு சமோவாப் பெண், முப்பது வயது இருக்கும், நல்ல முகம். பிரிந்ததாகச் சொல்கிறவர்கள் ஒரே விலாசத்தில் இருந்தால் சில கேள்விகள் கேட்க வேண்டும், குறை நினைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தொடங்கினாள். மொழிபெயர்க்கிறவள் ஒரு சொல் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. எனக்கு அது பெரிய தவம்.

ஒரே அறையில் படுப்பீர்களா என்றாள். இல்லை என்றார். சேர்ந்து சாப்பிடுவீர்களா? இல்லை. கதைப்பீர்களா? இல்லை, பத்து மாதமாக ஒரு சொல் இல்லை. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நானும் மனதுக்குள், ஆளுக்குப் பணம் கிடைத்துவிடும் என்று நினைத்தேன்.

உடுப்பு யார் தோய்ப்பது என்று கேட்டாள். தோய்க்கிற மெஷின் கராஜுக்குள்தான் இருக்கிறது என்றார். அக்கா தன் சீருடையைப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடிவிடுவார், அது முடிந்ததும் இவர் எடுத்துக் கொடியில் போடுவாராம். ஏன் என்று அவள் கேட்டதற்கு, ஈரத்தோடு கிடந்தால் மணக்கும் அல்லவா என்று இவர் திருப்பிக் கேட்டார். கோயிலுக்கு எப்படிப் போவீர்கள்? ஒரே காரில். பேசாமலா? ஓம், பேசாமல்தான், அவ ஓட்டுவா, நான் பக்கத்தில் இருப்பேன். அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டாள்.

மனைவிக்குச் சுகமில்லாமல் வந்தால் நீங்கள் பார்ப்பீர்களா என்று அடுத்துக் கேட்டாள். அண்ணை முதலில் என்னைப் பார்த்தார், இதென்ன கேள்வி என்கிறதுபோல. பிறகு சொன்னார். போன யூலையில் அக்காவுக்குக் கடும் காய்ச்சல். இவர் கராஜில் இருக்கிற சின்ன அடுப்பில் கஞ்சி காய்ச்சி, அறை வாசலில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டு வந்துவிடுவார். ஐந்து நாளும் அப்படித்தான். அக்கா குடித்தாரா என்று அந்தப் பெண் கேட்டாள். அது கேள்வித்தாளில் இருந்திருக்காது. கோப்பை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது என்றார் அண்ணை. அதை ஆங்கிலத்தில் சொல்ல நான் இரண்டு தரம் தொடங்க வேண்டியிருந்தது.

கடைசியாக, இந்தத் திருமணம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா என்றாள்.

"முடிஞ்சதோ? இல்லைத் தங்கச்சி. அவவுக்குக் கோவம்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். இதை இப்படியே சொன்னால் ஒரு சதமும் வராது, யோசித்துச் சொல்லுங்கள் என்று தமிழில் மெல்லக் கடிந்தேன். அப்படிச் சொல்வது என் வேலை அல்ல, தெரியும். ஆனால் அவர் தெ புகேக்குப் போய்விடுவாரே என்ற பயம்.

"பின்ன பொய்யே சொல்லுறது? ஒருக்காப் பொய் சொன்னதுக்குத்தானே கராஜுக்குள்ள கிடக்கிறன்" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் இதைத் தனியாக முடிவு செய்ய முடியாது, மனைவியின் பக்கமும் வேண்டும் என்று ஒரு படிவம் தந்தாள். மனைவி பிரிந்துவிட்டோம் என்று எழுதிக் கையெழுத்திட்டால் மறுபடி பார்க்கலாம், இல்லையென்றால் மறுத்துவிடுவார்கள் என்றாள். வெளியே வந்ததும் அண்ணை படிவத்தை என் கையில் திணித்தார். தான் எப்படிக் கொடுப்பது, கதைக்கிறதில்லையே என்றார்.

சனிக்கிழமை பின்னேரம் கொண்டு போனேன். பேர்ணடெட் அக்கா சமையலறை மேசைக்கு முன்னால் இருந்து படிவத்தை நிதானமாக வாசித்தார். ஆங்கிலம் அவருக்கு என்னைவிட நன்றாக வரும். நான் சுற்றி வளைக்கவில்லை. ஓம் என்று எழுதினால் அவருக்குப் பணம் வரும், இல்லை என்று எழுதினால் ஆள் கிவிப்பழம் பிடுங்கப் போய்விடும், இதுதான் நிலைமை என்றேன்.

அவர் அங்கே என்ன சொன்னார் என்று அக்கா கேட்டார். அலுவலகத்தில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. பதினொரு வருடமாக நான் ஒருவரைப் பற்றி ஒருவரிடம் ஒரு சொல் சொன்னதில்லை. அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சீருடை, கஞ்சி, கோபம் என்று சொன்னது, எல்லாம். என்னை வேலையை விட்டு நிறுத்தினால் நிறுத்தட்டும், எனக்கென்ன, தேத்தண்ணிதானே போகும்.

அக்கா படிவத்தை மேசையில் வைத்தார். வேலை போனதற்குத் தான் கோபிக்கவில்லை என்றார். கோயிலில் வெட்கப்பட்டதுகூடப் பெரிதில்லையாம். "இருபத்தொன்பது வருசம் ஒண்டா இருந்திட்டு, என்னட்டச் சொல்லப் பயந்திட்டார். நான் அவ்வளவு பொல்லாதவளோ, ரதி?" என்று கேட்டபோது அவருடைய குரல் உடைந்துவிட்டது. எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அவர் படிவத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு எழுந்து, உள்பக்கக் கதவைத் திறந்து கராஜுக்குள் போனார். என்னை வரச் சொல்லவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் வாசலில் நின்றுகொண்டேன்.

அண்ணை ஒரு பையில் உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தார். அக்காவைக் கண்டதும் எழும்பி நின்றார். அக்கா படிவத்தைத் தோய்க்கிற மெஷினின் மூடியில் விரித்து வைத்தார்.

"பிரிஞ்சிட்டமோ எண்டு கேட்டிருக்கினம். நான் என்ன எழுத?"

பத்து மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் கேள்வி. உமக்கு விருப்பமானதை எழுதும் என்றார் அண்ணை தரையைப் பார்த்துக்கொண்டு. அக்கா விடவில்லை. உங்களைத்தான் கேட்கிறேன் என்றார்.

"உம்மட்டக் காசு கேக்க வெக்கமாக் கிடந்தது, பேர்ணி" என்றார் அவர். "வேலை போட்டுது எண்டு சொல்லவும் அதே வெக்கம்தான்."

"கவுண்மேந்திட்டக் கேக்க வெக்கமில்லை. என்னட்டக் கேக்கத்தான் வெக்கம்."

பதினேழு வருடம் குளிருக்குள் நின்று வேலை செய்த மனிதர், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அக்கா அழவில்லை. மெஷின் மேல் குனிந்து, இல்லை என்ற கட்டத்துக்குள் அழுத்தி ஒரு கோடு போட்டு, கீழே கையெழுத்து வைத்தார்.

"எழுதிப்போட்டன். இனி அவையள் உங்களுக்கு ஒண்டும் தரமாட்டினம்" என்றார். "நான் தந்தா வாங்குவீங்களோ?"

அண்ணை முகத்திலிருந்து கையை எடுத்தார்.

"வாங்குவன்" என்றார்.