எண்ணூரில் நான் குடிக்காத தண்ணீர்

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறு எண்ணூருக்குப் போய்வந்தவன், வீட்டுக்குள் நுழையாமல் நேரே மொட்டைமாடிக்கு ஏறி, போட்டிருந்த உடுப்பை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, துண்டோடு இறங்கி வந்தேன். எதிர்வீட்டு அம்மாள் பார்த்துவிட்டார். இந்நேரம் தெருவுக்கே தெரிந்திருக்கும்.

கல்மண்டபம் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த தேசிங்குக்கு ரத்தத்தில் வியாதி. கதிர்வீச்சால் வந்தது என்றார்கள். சிகிச்சைக்குப் பணம் கேட்டு, அவனை வேலைக்கு வைத்திருந்த ஒப்பந்தக்காரருக்கு மனு எழுதித் தரும்படி அவன் மனைவி செல்வி போன் செய்ததால்தான் இந்தப் பயணம். நான் இயற்பியல் பட்டதாரி. வெளியே சொல்லிவிடாதீர்கள்.

கடற்கரை நிலையத்தில் காலை எட்டேகாலுக்குக் கும்மிடிப்பூண்டி ரயில், டிக்கெட் ஐந்து ரூபாய், முக்கால் மணி நேரம். திருவொற்றியூர் தாண்டியதும் சன்னலோரம் உட்காராதீர்கள். அனல்மின் நிலையச் சாம்பல் தலைக்குச் சாயம் பூசிவிடும். எனக்கு அது ஏற்கெனவே நரைத்த தலை, நஷ்டமில்லை. ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவுக்கும் ஐந்து ரூபாய். யார் வீடு என்று டிரைவர் கேட்டார், சொன்னேன். "அந்த எக்ஸ்ரே ஆளா? பேஜாருபா" என்று தெருமுனையிலேயே இறக்கிவிட்டார்.

தேசிங்கின் விரல் நகங்கள் கறுத்துச் சுருண்டிருந்தன. செல்வி தண்ணீர் கொண்டுவந்தார். இப்போதுதான் குடித்தேன் என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

"இன்னா நைனா, தண்ணில கூடவா எக்ஸ்ரே பாயும்? குடி" என்றான் தேசிங்கு.

சிரித்தேன். குடிக்கவில்லை.

குழாய்களின் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று கதிர் பாய்ச்சிப் படம் எடுப்பது அவன் வேலை, பன்னிரண்டு வருஷமாக. உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று காட்ட, நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு சின்ன பேட்ஜ் தருவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்கிப் போய்ச் சோதித்துவிட்டு, வேறொன்று கொடுப்பார்கள். அவன் பேட்ஜ் ஒவ்வொரு முறையும் சுத்தம். அதனால் வியாதிக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்று ஒப்பந்தக்காரர் கைவிரித்துவிட்டார்.

அது எப்படிச் சுத்தம் என்று கேட்டேன்.

"போட்டுகினு போனா ரீடிங் ஏறிடும். ஏறுச்சுன்னா வூட்ல குந்துன்னுவான், கூலி கெடையாது. அதான் அல்லாரும் வூட்லயே வுட்டுட்டுப் போவோம்."

"தொலைஞ்சா கூலில புடிப்பாங்கன்னு நாந்தாண்ணே முருகர் படத்தாண்ட மாட்டி வெப்பேன்" என்றார் செல்வி. "வெள்ளிக்கிழமையானா தொடச்சி பொட்டுகூட வெப்பேன்."

பேட்ஜை வீட்டில் விட்டதை எழுதினால் தப்பு தேசிங்குடையது. எழுதாவிட்டால், கணக்குப்படி அவன்மேல் கதிரே படவில்லை. உள்ளதையே எழுதினேன். பலிக்காது என்பது எழுதும்போதே மூன்று பேருக்கும் தெரியும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றுகிறார்கள். அது எத்தனை நாளைக்கு என்று யாரும் கேட்கவில்லை.

திரும்பியபின் தெரிந்த டாக்டரிடம் விசாரித்தேன். வெளியிலிருந்து பாயும் அந்தக் கதிர் உடம்பைத் துளைத்துப் போய்விடும், தங்காது, அடுத்தவருக்கு ஒட்டாது. அது கெடுத்துவிட்டுப் போனது மட்டும் பல வருஷம் கழித்து எலும்பு மஜ்ஜையில் தலைகாட்டும் என்றார். ஆகவே இப்படிப்பட்டவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள், சாம்பலுக்காக. ஞாயிற்றுக்கிழமை ரயில் குறைவு. கொடுக்கிற தண்ணீரைக் குடியுங்கள்.

இன்னொன்று. அந்த பேட்ஜ் பன்னிரண்டு வருஷமும் அளந்தது தேசிங்கை அல்ல, முருகர் படம் மாட்டிய கூடத்தை. அங்கே கதிர்வீச்சே இல்லை என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுத்துமூலம் உறுதி செய்திருக்கிறார்கள். நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தது அந்தக் கூடத்தில்தான்.