விபூதிப் புதனும் இரண்டு அண்டா பிரியாணியும்

தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் நானும் என் நண்பனும் உட்கார்ந்து சாப்பிடாத கடை ஒன்று இருந்ததென்றால் அது மருந்துக் கடையாகத்தான் இருக்கும். பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருந்த பரோட்டாக் கடைகள், கொடைரோடு ஸ்டேஷனுக்கு எதிரே விடியும் முன்பே ஈரல் வறுக்க ஆரம்பித்துவிடும் ஒரு கொட்டகை, அகரம் போகிற வழியில் ஓர் அம்மாள் மதியம் மட்டும் போட்ட நாட்டுக்கோழிக் குழம்புச் சாப்பாடு. இவற்றில் எதையும் பசிக்காகச் சாப்பிட்டோம் என்று சொல்லமாட்டேன். ஆராய்ச்சி என்றுதான் சொல்லிக்கொண்டோம். அவன் நூற்பாலையில் ஃபிட்டர், நான் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. ஆராய்ச்சி முடிவுகள் இருவர் இடுப்பிலும் வருடா வருடம் வெளியாகிக்கொண்டிருந்தன.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அந்த மில்லை மூடினார்கள். ஒரு மாதம் சும்மா இருந்தவன், ஒருநாள் டீக்கடையில் வைத்து, "பிரியாணிக் கடை போடப் போறேன்" என்றான். எனக்கு டீ புரையேறியது. சாப்பிடத் தெரிந்தவனுக்குக் கடை நடத்தத் தெரியும் என்பது, தினமும் பஸ்ஸில் போகிறவனுக்கு பஸ் ஓட்டத் தெரியும் என்பது மாதிரி. இதை அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். "நீதாண்டா ருசி பாக்கணும்" என்றான். வாயை மூடிக்கொண்டேன்.

கடை நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பது ஊருக்கே தெரியும். அவன் மனைவியின் தம்பி வெங்காயப்பேட்டையில் மண்டி வைத்திருந்தான். பத்து வயது இளையவன், நல்லவன். நல்லவனாக இருந்ததுதான் பிரச்சினை. மாட்டுப் பொங்கல் விருந்தில், எல்லாரும் இலையில் உட்கார்ந்திருக்கும்போது, "கடை ஓடுனா சந்தோசம் மச்சான். சித்திரைக்குள்ள ஓடலேன்னா ரோசிக்காதீக, நம்ம மண்டிக்கு வந்துருங்க. மூட்டைய பாத்து எறக்க நம்பிக்கையான ஆளு வேணும்" என்று சொல்லிவிட்டு, அவனே என் நண்பன் இலையில் இன்னும் இரண்டு துண்டு கறி வைத்தான். தன் கல்யாணத்தன்று டவுசர் போட்டுக்கொண்டு மாப்பிள்ளைத் தோழனாக நின்ற பையனிடம் போய்க் கைகட்டி நிற்பதா? நண்பன் சோற்றை ஒதுக்கினான். கறியை மட்டும் தின்றான்.

பழனி ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் தகரக் கொட்டகை போட்டுக் கடை திறந்தான். சீரகச் சம்பா அரிசி, நல்ல வெள்ளாட்டுக் கறி, அனுபவமுள்ள ஒரு மாஸ்டர். பிரியாணியில் குறை சொல்ல முடியாது; நானே சொல்லவில்லை. ஆனால் திறந்தது தை மாதக் கடைசியில். அடுத்து வந்தது மாசி. மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் பாதி ஊர் மஞ்சள் உடுத்திக்கொண்டு கறி என்ற சொல்லையே மறந்துவிடும். கசாப்புக் கடைக்காரர்கள் மரத்தடியில் சீட்டு விளையாடுவார்கள். இதே ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தோன்றவில்லை என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பது வேறு விஷயம்.

காலி பெஞ்சுகளைப் பார்த்தபடி இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தவனுக்கு ஒரு யோசனை வந்தது.

"ஏலே, மஞ்சச் சேலைக்காரவுக வரமாட்டாக. சரி. ஊர்ல மிச்சப் பாதி யாரு?"

"யாரு?"

"உங்காளுக. சர்ச்சுக்குப் போற வேதக்காரவுக. அவுகளுக்குப் பிரியாணி தின்னுற போட்டி வைப்போம். சொந்தக்காரவுகளக் கூட்டிக்கிட்டுத்தான வருவாக? அந்தக் கூட்டத்தப் பாத்தா ரோட்டுல போறவனும் வண்டிய நிறுத்துவான்."

நாள்காட்டியை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நாள் பார்த்தான். அமாவாசை இல்லை, கிருத்திகை இல்லை, சஷ்டி இல்லை, பிரதோஷம் இல்லை. அகப்பட்டது ஒரு புதன்கிழமை. ராகு காலம் கழிந்து ஒன்றரை மணிக்கு ஆரம்பம் என்று முடிவு செய்தான். நானும் எட்டிப் பார்த்தேன். எனக்கும் சுத்தமான நாளாகத்தான் தெரிந்தது. நான் கத்தோலிக்கன் என்பது கிறிஸ்துமஸ் அன்றும் கல்யாணப் பத்திரிகைகளிலும் மட்டும் வெளியே தெரியும். மற்ற நாட்களில் எனக்கும் சேர்த்து என் மனைவிதான் கோயிலுக்குப் போய்வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். டேபிள் ஃபேன் பரிசு என்றும் சொன்னேன். ஏழெட்டுப் பேர் அங்கேயே பெயர் கொடுத்தார்கள். எல்லாரும் பூசை தவறாதவர்கள். புதன் என்றதும் ஒருவருக்காவது ஏதாவது ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிரியாணி என்ற சொல் முதலில் வந்து உட்கார்ந்துவிட்டதால் அதற்கு இடமில்லாமல் போயிற்று என்று நினைக்கிறேன்.

அந்தப் புதனன்று லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே கடைக்குப் போய்விட்டேன். நான் கிளம்பும்போது மனைவி பூசைக்குப் போயிருந்தாள். தினமும் போகிறவள், அதனால் துப்புக் கிடைக்கவில்லை. இரண்டு பெரிய அண்டாக்களில் பிரியாணி தம்மில் இருந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் மச்சினன் வெள்ளைச் சட்டையுடன் உட்கார்ந்து கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அடுப்படியில் ருசி பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் நல்லி எலும்பு.

நண்பன் உள்ளே ஓடி வந்தான். "உங்காளுக வாராக. நெத்தியில விபூதி பூசிக்கிட்டு வாராக. என்ன, மதம் கிதம் மாறிட்டாகளா?"

எட்டிப் பார்த்தேன். போட்டிக்குப் பெயர் கொடுத்த அத்தனை பேரும் குடும்பத்தோடு நின்றிருந்தார்கள். ஒவ்வொரு நெற்றியிலும் சாம்பலால் இட்ட சிலுவை. நல்லி எலும்பிலிருந்து புறப்பட்ட மஜ்ஜை என் தொண்டையில் பாதி வழியில் நின்றுவிட்டது. 

விபூதிப் புதன். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்குகிற நாள். அன்று ஒருசந்தியும் சுத்தபோசனமும் உண்டு: ஒரே ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு, அதிலும் கறி கூடாது. வருடத்தில் ஒரு வேதக்காரனைப் பிரியாணிக்கு அழைக்கக் கூடாத நாட்களைப் பொறுக்கி எடுத்தால் முதலில் வருவது இதுவும் பெரிய வெள்ளியும்தான்.

அவர்களுக்கு முன்னால் எங்கள் கோயில் உபதேசியார் நின்றார். பூசைக்கு உதவி செய்து, பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுக்கும் ஒல்லியான பெரியவர். ஞானோபதேச வகுப்பில் எனக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். என் கையைப் பார்த்தார். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். மசாலா முழங்கை வரை வழிந்தது.

"தம்பி, இன்னைக்கு என்ன கெழம?"

"புதன்கிழமைங்க உபதேசியாரே."

"என்ன புதன்?"

நான் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு வகுப்பிலும் நான் பதில் சொன்னதில்லை என்பதால் அவர் ஆச்சரியப்படவில்லை.

கூட்டத்தில் ஒருவர் என் நண்பனிடம் பணிவாகச் சொன்னார்: "பேரு குடுத்துட்டு வராம இருந்தா மரியாதை இல்ல பாருங்க. அதான் நேர்ல வந்து, வரமுடியாதுன்னு சொல்லிட்டுப் போலாம்னு." சொல்லும்போது அண்டா இருந்த பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடாதவர்கள்.

"அப்ப நாளைக்கு வச்சுக்குவமா?" என்றான் நண்பன்.

"நாங்க தவக்காலம் முச்சூடும் கறி தொடுறதில்லைங்க. ஈஸ்டருக்கு வைங்க. கட்டாயம் வாறோம்."

"ஈஸ்டர் எப்ப?"

"இந்த வருசம் சித்திரை பெறந்துதான் வருது."

சித்திரை என்ற சொல்லைக் கேட்டதும் வாசலில் மச்சினன் எழுந்தான். வேட்டியை உதறிக்கொண்டு உள்ளே வந்தான். "மனசத் தளர விடாதீக மச்சான். மண்டிக்கு நாளைக்கே வேணும்னாலும் வாங்க" என்றான். அத்தனை அன்பாக ஒரு மனிதனின் கழுத்தில் கயிறு மாட்டப்படுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நண்பன் அவன் பக்கம் திரும்பவில்லை. உபதேசியாரிடம், "சாமி, பீஸப் பூராம் பொறுக்கி எடுத்துர்றேன். வெறும் சோறு?" என்றான்.

"ஆடு உள்ள எறங்குனது சோத்துக்குத் தெரியாதா?"

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று இன்றும் தெரியவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து கேட்டேன். "உபதேசியாரே, ஒரு வேள முழுச் சாப்பாடு உண்டுல்ல?"

"உண்டு."

"அது எம்புட்டுச் சாப்பாடுன்னு சட்டத்துல இருக்கா?"

"அளவு சொல்லல" என்றார். பிறகு, "போட்டி போட்டுத் தின்னுன்னும் சொல்லல" என்றார். ஆனால் குரலில் முன்பிருந்த உறுதி இல்லை. பின்னால் நின்றவர்கள் ஓரடி முன்னால் வந்தார்கள்.

அடுத்த முக்கால் மணி நேரம் நடந்தது பிரியாணிக் கடை வரலாற்றில் நடக்கக் கூடாதது. குடிதண்ணீருக்கென்று புதிதாக வாங்கிய அண்டாவை, கறி படாதது என்று நண்பன் மாரியம்மன் மேல் சத்தியம் செய்து கொடுக்க, அதில் தக்காளிச் சோறு வேகத் தொடங்கியது. உபதேசியார் அடுப்பை விட்டு அகலவில்லை. "கரண்டி?" என்றார். "புதுசு." "எண்ணெ?" "இப்பப் பிரிச்ச பாக்கெட்டு." மாஸ்டர், தான் எத்தனையோ கல்யாணத்தில் பிரியாணி போட்டவன் என்பதைத் தக்காளியிடம் முணுமுணுத்துக்கொண்டே வதக்கினார். பக்கத்தில் இரண்டு அண்டா பிரியாணி மூடி திறக்கப்படாமல் ஆறிக்கொண்டிருந்தது.

பந்தி உட்கார்ந்தது. ஒருசந்திப் பசியோடு வந்தவர்களுக்கு நான்தான் பரிமாறினேன். குனிந்து நிமிர்ந்து பார்த்தால் இலை காலி. பெண்டு பிள்ளைகள் சுற்றி நின்று, "யப்பா, மெதுவா" என்றும் "விடாதீக சித்தப்பா" என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உபதேசியார் ஓர் ஓரத்தில் இலையைப் போட்டார். "நானும் இங்கனயே முடிச்சுக்கிறேன். போட்டிக்கு இல்ல, எனக்கும் ஒரு வேளதான" என்றார்.

முதலில் நான் கவனிக்கவில்லை. இரண்டு பேர் இலையை மூடி எழுந்தார்கள். பிறகு மூன்று பேர். எங்கள் பகுதியில் பெரிய தீனிக்காரர் என்று பெயரெடுத்த ஒருவர் கண்கள் கலங்கி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அப்போது ஓரத்திலிருந்து, "தம்பி, இங்கன கொஞ்சம்" என்று குரல் வந்தது. கொஞ்சம் வைத்தேன். திரும்புவதற்குள் மறுபடி, "இங்கன." அந்த ஒல்லி உடம்பில் அது எங்கே போயிற்று என்று நான் அவர் பின்பக்கமாகவும் ஒருமுறை போய்ப் பார்த்தேன். அவசரம் இல்லை, வியர்வை இல்லை, இடையில் தண்ணீர் இல்லை. கடைசியாக மிஞ்சியிருந்தவரும் எழுந்தபிறகு, யாரும் தன்னோடு போட்டியில் இல்லை என்பதையே கவனிக்காமல் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தபோது, "இது எதுக்கு?" என்றார். 

ஆனால் அதைவிட எங்களை உலுக்கியது வாசலில் நடந்தது. ஒட்டன்சத்திரம் சந்தையில் காய் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு லாரி, கூட்டத்தைப் பார்த்து ஓரங்கட்டியது. அதன் பின்னால் வந்த லாரியும், அதற்குப் பின்னால் வந்ததும். தலையில் துண்டு கட்டிய முதல் டிரைவர் உள்ளே வந்து எச்சில் இலைகளையும் நெற்றிச் சாம்பல்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க, ஏதாச்சும் துக்கம் நடந்த எடமுங்களா?"

"இல்லைங்க, கடைதாங்க" என்றேன்.

"பிரியாணி இருக்குதுங்களா? இல்ல, பூராத்தையும் இவுங்களே முடிச்சுட்டாங்களா?"

நண்பன் ஓடிப்போய் அண்டா மூடியைத் தூக்கினான். தம் போட்ட மணம் எழுந்து வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போயிற்று. சாம்பல் நெற்றிக்காரர்கள் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியேறினார்கள். அவர்கள் எழுந்த பெஞ்சுகளில் டிரைவர்களும் கிளீனர்களும் லோடுமேன்களும் உட்கார்ந்தார்கள்.

பரிமாற ஆள் இல்லை. நான் இலை போட்டேன், மாஸ்டர் சோறு வைத்தார், நண்பன் அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டு அள்ளிக்கொண்டிருந்தான். மச்சினன் நடுவில் எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றான். ஒரு டிரைவர் காலி ஜக்கை அவன் கையில் கொடுத்து, "தம்பி, தண்ணி கொண்டாங்க" என்றார்.

மச்சினன் ஜக்கைப் பார்த்தான். தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தான். பிறகு என் நண்பனைப் பார்த்தான். அண்டாவுக்குள்ளிருந்து தலையை வெளியே எடுக்காமலேயே அவன், "மாப்ள, அந்தக் கடைசி பெஞ்சுக்கும் சேத்து ஊத்திட்டு வந்துரு. அப்படியே தால்ச்சா வாளியத் தூக்கிக்க" என்றான்.

நான் இலையைப் போடாமல் நின்றேன். மண்டி முதலாளி கோபித்துக்கொண்டு போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு, "வாரேன் மச்சான்" என்றான்.

சித்திரை வந்தது. கடை வாசலில் லாரிகளின் வரிசை குறையவில்லை. மண்டியில் மூட்டை இறக்க வேறு ஆள் பார்த்துக்கொண்டதாகச் சொன்னார்கள்.