மூன்றாவது தடவை

ஆர்லீன் நெல்விக்குக்கு வாய்விட்டு உதவி கேட்கத் தெரியாது. எங்கள் மினசோட்டாப் பக்கத்தில் அது ஒரு குறையே இல்லை. பனியில் கார் புதைந்து கிடந்தாலும் "ஒண்ணுமில்ல, சும்மா நிக்கிறேன்" என்று சொல்கிற ரகம் நாங்கள்.

முப்பத்தொரு வருஷமாக, சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் முதியோர் இல்லத்தில் அவள்தான் சமையல். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலச் சாப்பாடு எப்போதும் அவள் தலையில்தான் விழும். மற்றவர்களுக்குச் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்களாம். அவளுக்கு மட்டும் இருக்கவில்லையா? அவள் மகள் கிர்ஸ்டன் வருஷா வருஷம் அந்தச் சாயங்காலம் எங்கள் வீட்டு மேஜையில்தான் சாப்பிட்டு வளர்ந்தாள்.

கிர்ஸ்டன் இப்போது டுலூத் நகரத்தில் இருக்கிறாள், ஐந்து மாதக் கைக்குழந்தையோடு. போன வாரம் போன் செய்தாள். "இந்த வாட்டியாவது வாம்மா. வரலைன்னாலும் பரவால்ல, இனிமே கூப்பிட மாட்டேன்." கத்தியிருந்தால்கூட ஆர்லீன் சமாளித்திருப்பாள். இல்லத்து மேலாளரோ, சமையலறைச் சான்றிதழ் உள்ள ஒருத்தியைப் பதிலுக்குப் பிடித்துக் கொடுத்தால்தான் லீவு, அதுவும் இன்று சாயங்காலத்துக்குள் பெயர் வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஊரில் அந்தச் சான்றிதழ் இருந்த இன்னொருத்தி லவான் ஃபெல்லாண்ட் மட்டுமே. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

இன்று மத்தியானம் சர்ச்சின் கீழ்த்தளத்தில் எங்கள் புத்தகக் குழு கூடியது. டிசம்பர் மாதப் புத்தகம் ஒரு கிறிஸ்துமஸ் நாவல். வியாபாரமே கதி என்று அலைந்த ஒருவன் பனிப்புயலில் மாட்டி, வாழ்க்கையில் எது முக்கியம் என்று புரிந்து, பண்டிகைக்கு வீடு வந்து சேருகிறான்.

"கடைசி அத்தியாயத்துல தேம்பித் தேம்பி அழுதேன்டி," என்றாள் லவான். "வேலை எங்க ஓடிப்போகப் போகுது? குடும்பம்தான் எல்லாம்."

"நான் பாதியிலயே புஸ்தகத்தை வச்சிட்டு எங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்," என்றாள் ஃபிலிஸ். "மனுஷன் பக்கத்து ரூம்லதான் இருந்தாரு."

சிரித்தோம், கண்ணைத் துடைத்துக்கொண்டோம். பொய் சொல்வானேன், நானும் அழுதுதான் படித்தேன்.

"நீ ஏன் பேசாம இருக்கே, ஆர்லீன்?" என்று ஃபிலிஸ் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா புயல்ல வந்தவனுக்கு ஒரு ஓட்டல்காரி சூப் குடுத்தாளே, அவ எப்ப வீட்டுக்குப் போனா? தேடித் தேடிப் பார்த்தேன், எழுதவே இல்ல."

"வித்தியாசமான கேள்விதான்," என்றாள் ஃபிலிஸ். எங்கள் ஊரில் ஒன்றை வித்தியாசம் என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் திட்ட வார்த்தையே கிடையாது.

ஆர்லீனின் காது சிவந்தது. இருந்தாலும் மகள் கூப்பிட்டதையும் மேலாளர் சொன்னதையும், நாளைக்குப் பனி விழுமா என்று பேசுவதுபோலச் சொல்லி முடித்தாள். கேட்கவில்லை, சொன்னாள். எங்கள் கண்ணெல்லாம் லவான் மேல் போயிற்று.

"நான் வேணா போய்ப் பார்த்துக்கட்டுமா?" என்றாள் லவான்.

"ஐயோ வேண்டாம், உனக்கு எதுக்குச் சிரமம்."

முதல் இரண்டு தடவை மறுப்பதுதான் எங்களிடம் மரியாதை. ஒரு வாய் காபியைக்கூட அப்படித்தான் வாங்கிக்கொள்வோம். மூன்றாவது தடவையும் கேட்டால்தான் மனசாரக் கேட்கிறார்கள் என்று அர்த்தம், அப்போது தலையாட்டலாம்.

"நிஜமாத்தான்டி சொல்றேன். நான் பார்த்துக்கறேன்."

"பரவால்ல லவான். உன் பசங்க வேற வராங்க."

ஆர்லீன் காத்திருந்தாள். மடியில் கோத்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

"அப்ப சரி," என்று லவான் பிஸ்கட் தட்டை எடுத்தாள். "யாருக்கு இஞ்சி பிஸ்கட் வேணும்?"

தட்டு ஒவ்வொரு கையாகச் சுற்றி வந்தது. ஒருத்தியாவது வாயைத் திறக்க வேண்டுமே! நானும் ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு கம்மென்று இருந்தேன். ஆர்லீன் தட்டை வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

"நீ ரெண்டு தடவைதான் கேட்டே."

"என்னது?"

"ரெண்டு தடவைதான் கேட்டே, லவான்."

லவான் மேஜைவிரிப்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்," என்றாள் கடைசியில். "எண்ணித்தான் நிறுத்தினேன். மூணு வருஷம் கழிச்சு பசங்க வராங்கடி."

"வரட்டும். அஞ்சு மணிக்குச் சாப்பாடு, ஆறரைக்கெல்லாம் நீ வீட்டுக்குப் போயிடலாம்." ஆர்லீன் அதோடு நிறுத்தவில்லை. "உங்கம்மா அங்கதானே இருக்காங்க? வருஷா வருஷம் அந்த மேஜையில உக்காந்து, லவான் வரலையான்னு என்னைத்தான் கேக்கறாங்க. அவளுக்கு வேலை இருக்குன்னு நான்தான் பொய் சொல்லிட்டிருக்கேன்."

நாவலுக்குத் தேம்பித் தேம்பி அழுதவளுக்கு இப்போது அழுகை வரவில்லை.

"நான் போய்ப் பார்த்துக்கட்டுமா, ஆர்லீன்?"

"போ," என்றாள் ஆர்லீன். உனக்குத் தொந்தரவில்லையென்றால் என்றுகூடச் சேர்க்கவில்லை. எழுந்து சுவரோரம் போய் மேலாளருக்குப் போன் போட்டாள். லவானின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்வது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.